செலுத்திய உயிரணு சென்றது எங்கே?

விலங்கியல் இளம் அறிவியல், இரண்டாம் ஆண்டு மாணவன்

எங்கள் பக்கத்தில் ஆடு மேய்ப்பவர்கள், அடையாளம் இடாமல் மந்தையை வெளியூருக்கு ஓட்டமாட்டார்கள். ஒருவர் காதில் வெட்டு இடுவார். மற்றொருவர் முதுகில் சாயம் பூசுவார். கோடையில் நான்கைந்து பேருடைய ஆடுகள் ஒன்றாகக் கலந்து ஒரே வயலில் கிடை கிடக்கும். அப்போது எது எவருடையது என்று சொல்ல அந்த அடையாளம் ஒன்றே சாட்சி. என் தந்தையார் அப்படி ஒரு கீதாரி. அவருக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது; ஆனால் பட்டியில் உள்ள ஆடுகளை இருட்டிலும் எண்ணிவிடுவார். அவருடைய மகனாகிய நான், எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்து, உயிரணுக்களுக்கும் அவ்வாறே அடையாளம் இட்டு உடலுக்குள் அனுப்புகிறார்கள் என்று படித்தபோது வியந்து போனேன். அந்த வியப்பையே நண்பர்களுடன் இங்குப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வியப்பு மட்டுமன்று, ஒரு வீட்டுக் கவலையும் இதில் இருக்கிறது.

மூன்றாண்டுகளுக்கு முன் என் சித்தப்பா, ஆட்டுக்கு வேப்பங்குழை ஒடிக்க மரம் ஏறித் தவறி விழுந்தார். முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. முதலில் பார்த்த மருத்துவர்கள் உயிரைக் காப்பாற்றினார்கள். இனி நடப்பது கடினம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். பிறகு யாரோ சொல்லக் கேட்டு, ஒரு நகரத்திலுள்ள தனியார் மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே இடுப்பெலும்பிலிருந்து மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து, அதிலிருந்து பிரித்ததாகச் சொன்ன ‘ஸ்டெம் செல்’லைக் கையில் ஊசி குத்தி இரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். மூன்று தடவை ஏற்றினார்கள். ஒவ்வொரு தடவையும் ஆடுகள் விலைக்குப் போயின. சித்தப்பாவின் கால் விரல் ஒன்றுகூட அசையவில்லை.

சென்ற தீபாவளி விடுமுறையில் நான் வீட்டில் இருந்தபோது நான்காவது தடவைக்கு அழைப்பு வந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டு, “ஏம்ப்பா, கையில ஏத்துன அந்தச் செல்லு முதுகுக்குத்தான் போச்சுன்னு எப்படித் தெரியும்? நீ படிக்கிறியே, கேட்டுச் சொல்லு” என்றார். எனக்கு விடை தெரியவில்லை. நூலகத்திலும், கைப்பேசியிலும், எங்கள் துறைப் பேராசிரியர்களிடமும் கேட்டுத் தேடி நான் அறிந்தவற்றைக் கூறுகிறேன்.

குருத்தணு என்பது யாது?

வாழையை வெட்டினாலும் நடுவிலிருந்து குருத்து வருகிறதன்றோ? நம் உடலிலும் அவ்வாறு புதிய உயிரணுக்களை ஓயாமல் தந்துகொண்டிருக்கும் மூல உயிரணுக்கள் உண்டு. செய்தித்தாள்களில் ஸ்டெம் செல் என்று வருவது இதுவே. தமிழில் குருத்தணு என்பர். ஒரு குருத்தணு இரண்டாகப் பிரியும்போது தன்னைப் போன்ற குருத்தணுவையும் தரும்; குறிப்பிட்ட வேலை செய்யும் வேறோர் அணுவையும் தரும். எலும்பு மஜ்ஜையிலுள்ள குருத்தணுக்களே நம் இரத்தத்தின் ஊற்று.

இதனைச் சோதனையால் நிலைநாட்டியவர்கள் கனடா நாட்டின் டொராண்டோவில் பணிபுரிந்த டில், மெக்குல்லக் என்னும் இருவர். கதிர்வீச்சினால் மஜ்ஜை அழிந்த சுண்டெலிக்கு வேறொரு சுண்டெலியின் மஜ்ஜையை ஏற்றினார்கள். சில நாள்களில் மண்ணீரலில் சிறுசிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஓர் அணுவின் வழித்தோன்றல் என்று கண்டார்கள். இது 1961-இல் வெளிவந்தது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முடிச்சை எண்ணுவதற்குச் சுண்டெலியைக் கொன்று, மண்ணீரலை வெளியே எடுத்தார்கள். சுண்டெலியிடம் செய்யலாம், சித்தப்பாவிடம் செய்ய இயலுமா?

மனிதர்க்கு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை செய்து வழிகாட்டியவர் அமெரிக்க மருத்துவர் டோனல் தாமஸ். அவர் தம் முதல் முயற்சிகளை 1957-இல் வெளியிட்டார். 1990-இல் நோபல் பரிசு பெற்றார். நம் மாநிலத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1986 முதல் இச்சிகிச்சை நடைபெறுகிறது. இதில் குருத்தணுவை இரத்தக் குழாயில்தான் ஏற்றுகிறார்கள். அது தானாகவே மஜ்ஜையைத் தேடிப் போய்ச் சேர்கிறது. மஜ்ஜை வெளியிடும் ஒரு வேதிப்பொருள் அதனை அழைக்கிறது. மாலையானால் ஆடு பட்டியை நோக்கி நடப்பது போலத்தான். சேர்ந்ததா இல்லையா என்று அறிவதும் எளிது. சில வாரங்களில் வெள்ளணுக்களின் எண்ணிக்கை ஏறினால் சேர்ந்துவிட்டது என்று பொருள். ஒரு துளி இரத்தம் போதும்.

ஆனால் இதயத்துக்கும், மூளைக்கும், தண்டுவடத்துக்கும் இந்த வசதி இல்லை. அங்கே போகச் சொல்லி ஏற்றிய அணு வழி தவறினாலும், செத்தாலும் வெளியே தெரியாது. கத்தி வைக்காமல் உள்ளே பார்க்கும் வழி வேண்டும். உடலில் கோடிக்கணக்கான அணுக்கள் இருக்க, வந்த அணு எது, இருந்த அணு எது என்று பிரித்தறியவும் வேண்டும். ஆகவே அடையாளம் வேண்டும்.

கதிர்வீசும் அடையாளம்

ஜெர்மனியின் ஹானோவர் நகர மருத்துவர்கள் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு என்னை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. மாரடைப்பு வந்த 9 பேரிடம் அவரவர் மஜ்ஜை அணுக்களை எடுத்து, கதிரியக்க ஃபுளூரின் சேர்ந்த ஒருவகைச் சர்க்கரையை அந்த அணுக்களுக்கு ஊட்டினார்கள். அணுக்கள் சர்க்கரையை உண்டு தமக்குள் வைத்துக்கொண்டன. பிறகு அவற்றைத் திரும்ப உடலில் ஏற்றி, ஒரு மணி நேரம் அளவில் பெட் ஸ்கேன் என்னும் கருவியில் படம் எடுத்தார்கள்.

பெட் ஸ்கேன் வேலை செய்யும் முறையை இயற்பியல் துறைப் பேராசிரியர் ஒருவர் எனக்குத் தேநீர்க் கடையில் வைத்து விளக்கினார். கதிரியக்க ஃபுளூரின் சிதையும்போது பாசிட்ரான் என்னும் துகள் வெளிப்படும். அது எலக்ட்ரானின் எதிர்த் துகள். சிறிது தூரம் போவதற்குள் ஓர் எலக்ட்ரானைச் சந்திக்கும். இரண்டும் அழிந்து, இரண்டு காமாக் கதிர்களாக நேர் எதிர்த் திசைகளில் பாயும். நோயாளியைச் சுற்றி வளையமாக அமைந்த உணர் கருவிகளில் எதிரெதிரான இரண்டில் ஒரே நேரத்தில் கதிர் பட்டால், அவற்றை இணைக்கும் கோட்டில் எங்கோதான் அந்த ஃபுளூரின் இருந்திருக்க வேண்டும். இப்படி இலட்சக்கணக்கான கோடுகள் சேரச் சேர இடம் துலங்கிவிடும்.

ஹானோவரில் கண்டது என்ன? இதயத்தின் தமனிக்குள்ளேயே குழாய் விட்டு நேராகச் செலுத்தியபோதும், பிரித்தெடுக்காத மஜ்ஜை அணுக்களில் பாதிக்கப்பட்ட இதயத் தசையில் தங்கியவை 100-க்கு 1.3 முதல் 2.6 வரை மட்டுமே. மற்றவை பெரும்பாலும் கல்லீரலிலும் மண்ணீரலிலும் கிடந்தன. குறிப்பிட்ட ஒருவகை அணுக்களை மட்டும் பிரித்துச் செறிவாக்கிச் செலுத்தியபோது ஏறத்தாழ 14 முதல் 39 வரை தங்கின. கை வழியாக ஏற்றியவர்களுக்கோ, இதயத்தில் குறிப்பிடத்தக்க தடயமே இல்லை!

இந்தக் கடைசி வரியைப் படித்த அன்றிரவு விடுதியில் எனக்கு உறக்கம் வரவில்லை. இதயம் வேறு, தண்டுவடம் வேறு என்பதை நான் அறிவேன். ஆயினும் கை வழியாக ஏற்றுவது என்ற சொல் மனத்தை விட்டு அகலவில்லை.

கதிர்வீசும் அடையாளத்தில் ஒரு குறை உண்டு. இந்த ஃபுளூரினின் அரை ஆயுட்காலம் 110 நிமிடம். அதாவது அந்நேரத்தில் பாதி அழியும். இன்னொரு 110 நிமிடத்தில் மீதியில் பாதி. பதினொரு மணி நேரத்தில் 64-இல் ஒரு பங்குதான் எஞ்சும். மழையில் நனைந்த சாயம் போல, காலையில் பூசியது மாலையில் இராது. அணு முதல் நாள் எங்கே போனது என்று சொல்லும். அடுத்த மாதம் உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. சில நாள் நீடிக்கும் கதிரியக்கப் பொருள்களும் உண்டு. இண்டியம்-111 என்பதன் அரை ஆயுள் 2.8 நாள். ஆனால் கூடுதல் நாள் என்றால் அணுவுக்கும் கூடுதல் கதிர்வீச்சு. அடையாளமே ஆட்டைக் கொல்லக் கூடாதன்றோ?

இரும்பு அடையாளம்

கதிர்வீச்சு இல்லாத வழியாக வந்தது எம்.ஆர்.ஐ. நம் உடலில் பெரும்பகுதி நீர். நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கரு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். பூமியின் காந்தப் புலத்தைப் போல் முப்பதாயிரம் மடங்குக்கும் மேற்பட்ட வலிமையுள்ள காந்தத்துக்குள் மனிதனைப் படுக்க வைத்து, வானொலி அலையால் அக்குட்டிக் காந்தங்களைச் சற்றே அசைத்து, அவை பழைய நிலைக்குத் திரும்பும்போது தரும் சைகையைக் கேட்பதே எம்.ஆர்.ஐ. இம்முறைக்கு அடிகோலிய லாட்டர்பர், மான்ஸ்ஃபீல்ட் இருவரும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர்.

குருத்தணுக்களைச் சோதனைத் தட்டில் வைத்து, மிக நுண்ணிய இரும்பு ஆக்சைடு துகள்களைச் சேர்த்தால் அணுக்கள் அவற்றை உள்வாங்கிக் கொள்ளும். எம்.ஆர்.ஐ. கருவிக்குள் அந்த இரும்பு தன்னைச் சுற்றியுள்ள காந்தப் புலத்தைக் குலைக்கும். அக்கம்பக்கத்து நீரின் சைகை மங்கிவிடும். படத்தில் அவ்விடம் கரும்புள்ளியாகத் தெரியும். அணு சிறிது, அதன் நிழல் பெரிது.

சீனாவின் ஷாங்காய் மருத்துவர்கள் 2006-இல் இதனை மனித மூளையில் செய்து காட்டினர். மூளையில் காயம்பட்ட ஒருவருக்கு அவருடைய நரம்புக் குருத்தணுக்களையே இரும்பு அடையாளமிட்டுக் காயத்தின் அருகே செலுத்தினர். செலுத்திய இடங்களில் கரும்புள்ளிகள் தோன்றின. மூன்றாவது வாரத்தில் அந்தக் கருமை காயத்தின் ஓரமாகப் பரவியது. ஏழாவது வாரத்தில் காணாமற் போயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டு நெதர்லாந்தின் நைமேகன் நகரில் நடந்தது இன்னும் சுவையானது. அங்கே செலுத்தியவை குருத்தணுக்கள் அல்ல. புற்றுநோயை எதிர்க்க உடலுக்குக் கற்றுக்கொடுக்கும் ஒருவகை எதிர்ப்பணுக்கள். தோல் புற்றுநோயாளிகள் 8 பேருக்கு, அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தவாறே நிணநீர்க் கணுவுக்குள் ஊசி போட்டார்கள். கைதேர்ந்தவர்கள்தாம் போட்டார்கள். பின்பு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால், 4 பேருக்கு அணுக்கள் கணுவுக்குள் சேரவே இல்லை. பக்கத்துத் திசுவில் கிடந்தன! பாதிக்குப் பாதி. அடையாளம் இடாதிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள்? சிகிச்சை 4 பேருக்குப் பலிக்கவில்லை என்று எழுதியிருப்பார்கள். மருந்து தோற்றதா, ஊசி தவறியதா என்பது எவருக்கும் தெரிந்திராது. இவ்வளவு நேர்மையாகத் தம் தவறைத் தாமே படம் பிடித்து வெளியிட்ட அம்மருத்துவர்களை நான் மிகவும் மதிக்கிறேன்.

பொய் சொல்லும் புள்ளி

எனினும் இரும்பும் முழுச் சாட்சி அன்று. ஷாங்காயில் ஏழாவது வாரம் கருமை மறைந்ததே, அணுக்கள் செத்துவிட்டனவா? அப்படியும் இருக்கலாம். அல்லது அணு இரண்டாகப் பிரிய, இரும்பும் இரண்டாகப் பிரிந்து, மேலும் மேலும் பிரிந்து, கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நீர்த்துப் போயிருக்கலாம். சாயம் பூசிய ஆடு குட்டி போட்டால் குட்டியின் முதுகில் சாயம் இராது. மந்தை பெருகப் பெருக அடையாளம் உள்ளவை அருகிப் போகும். பார்ப்பவன் மந்தை அழிந்தது என்று எண்ணுவான்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றமும் உண்டு, இதுவே ஆபத்தானது. அணு செத்தால் அதிலிருந்த இரும்பு அங்கேயே கிடக்கும். நம் உடலில் துப்புரவு வேலை செய்யும் பெருவிழுங்கி அணுக்கள் வந்து அதனை விழுங்கிக்கொண்டு அங்கேயே இருக்கும். படத்தில் கரும்புள்ளி அப்படியே தெரியும். 2008-இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக் கழகத்தார், எலியின் இதயத்தில் செலுத்திய குருத்தணுக்களை இவ்வாறு ஆராய்ந்து, உண்மையில் பிழைத்தவற்றைக் காட்டிலும் எம்.ஆர்.ஐ. மிகைப்படுத்திக் காட்டுகிறது என்று வெளியிட்டனர். ஆட்டைத் தின்ற ஓநாய் அதன் தோலைப் போர்த்திக்கொண்டு பட்டியில் படுத்திருந்தால், தூரத்திலிருந்து எண்ணுபவருக்குக் கணக்குச் சரியாகத்தான் இருக்கும்.

ஆகையால் பூசிய சாயம் போதாது. பிறவியிலேயே வரும் நிறம் வேண்டும் என்று விஞ்ஞானிகள் கருதினர். கரிய ஆட்டின் கருமை குட்டிக்கும் வருமே, அது போல. மின்மினியின் ஒளிக்குக் காரணமான லூசிபெரேஸ் என்னும் நொதிக்குரிய மரபணுவைக் குருத்தணுவில் சேர்த்துவிட்டால், அந்த அணுவும் அதன் வழித்தோன்றல்களும், லூசிபெரின் என்ற பொருளைக் கொடுத்த போதெல்லாம் ஒளிவிடும். ஒளிவிட ஆக்சிஜனும், உயிருள்ள அணுவில் மட்டும் உண்டாகும் ஆற்றலும் வேண்டும். செத்த அணு ஒளிராது. பொய் சொல்ல வழியே இல்லை! இருட்டறையில் நுண்ணிய கேமராவுக்கு முன் சுண்டெலியைப் படுக்க வைத்து இந்த ஒளியை அளக்கிறார்கள்.

மனிதருக்கு ஏன் செய்யவில்லை என்று கேட்பீர்கள். கைப்பேசியின் விளக்கை எரியவிட்டு உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். விரலிடுக்கில் சிவப்பு மட்டும் மங்கலாகக் கசியும். ஒரு கையின் கனத்துக்கே இப்படி என்றால், முதுகெலும்புக்குள் இருக்கும் மின்மினி எப்படித் தெரியும்? எனவே மனிதருக்கு, பெட் ஸ்கேனில் தெரியக்கூடிய வேறொரு நொதியின் மரபணுவைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மூளைப் புற்றுநோயாளி ஒருவரிடம், குருத்தணுவில் அன்றி எதிர்ப்பணுவில் இவ்வாறு அடையாளமிட்டுக் கண்டது 2009-இல் வெளியாயிற்று. ஆனால் புதிய மரபணுவை நுழைப்பது அணுவின் இயல்பைக் கெடுக்குமோ, கட்டியாக மாற்றுமோ என்ற அச்சம் உண்டு. அதனால் எளிதில் அனுமதி கிடைப்பதில்லை.

சாதாரண ஃபுளூரினையே எம்.ஆர்.ஐ. கருவியால் பார்க்கும் முறையும் 2005-இல் வந்தது. 2014-இல் மனிதரிடம் செய்த முதல் ஆய்வு வெளியானது. பல்லிலும் எலும்பிலும் இறுகிக் கிடப்பதைத் தவிர உடலில் ஃபுளூரின் இல்லை எனலாம். எனவே படத்தில் தெரிவதெல்லாம் நாம் அனுப்பியதே. ஆனால் கணிசமான அணுக்கள் ஒரே இடத்தில் இருந்தால்தான் தெரியும்.

வீட்டுக் கேள்விக்கு வருகிறேன். மஜ்ஜையிலிருந்து எடுத்துத் தட்டில் வளர்க்கும் ஒருவகைக் குருத்தணுவின் குறுக்களவு 15 முதல் 30 மைக்ரோமீட்டர் வரை. நுரையீரலின் தந்துகிகளோ 5 முதல் 10 மைக்ரோமீட்டர் அகலமே. கையிலிருந்து புறப்படும் இரத்தம் இதயத்தின் வலப்புறம் போய், அங்கிருந்து முதலில் நுரையீரலுக்குத்தான் போக வேண்டும். முதல் சுற்றிலேயே பெரும்பாலானவை அங்குச் சிக்கிக்கொள்வதை விலங்குகளிடம் படமெடுத்தே காட்டியிருக்கிறார்கள். போய்ச் சேராமலே, அணுக்கள் சுரக்கும் பொருள்களால் நன்மை உண்டாகலாம் என்று கருதும் ஆராய்ச்சியாளர்களும் உண்டு. அதனை நான் மறைக்கவில்லை. ஆனால் அது ஆராய்ந்து நிறுவ வேண்டிய கருத்து. ஆடு விற்று வாங்க வேண்டிய சரக்கு அன்று.

நம் நாட்டில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளைப் பேராசிரியர் எனக்குப் படித்துக் காட்டினார். இரத்த நோய்கள் போன்ற ஏற்கப்பட்ட சிலவற்றுக்கன்றி வேறெதற்குக் குருத்தணுவைச் செலுத்தினாலும், அது முறையாகப் பதிவு செய்த ஆய்வாகவே இருக்க வேண்டும். பங்கு பெறுபவரிடம் பணம் வாங்கக் கூடாது. பதிவேட்டை எவரும் கணினியில் பார்க்கலாம். நாங்கள் பார்த்தோம். சித்தப்பா போன இடத்தின் பெயர் அதில் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

பொங்கலுக்கு ஊர் போனபோது அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நுரையீரல் என்றதும் ஒன்றும் பேசவில்லை. ஓநாய்க் கதையை இரண்டாம் முறை சொல்லச் சொன்னார். பிறகு சித்தப்பாவின் மருத்துவச் சீட்டுகள் அடங்கிய பையை எடுத்து வந்து, “இதுல அடையாளம் போட்டதா எங்கயாவது எழுதியிருக்கா பாரு” என்றார். மூன்று முறைக்கும் அணுக்களின் எண்ணிக்கை எழுதியிருந்தது. ஏற்றிய பின் எடுத்த படம் எதுவும் இல்லை.

அப்பாவே அந்த இடத்துக்குப் பேசினார். “ஏத்துனது எங்க போச்சுன்னு படத்துல காட்டுவீங்களா?” என்று கேட்டார். நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்று பதில் வந்தது. போகவில்லை. சித்தப்பாதான் வெகுநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் படித்துச் சொன்னதால் அவருக்கு இருந்த ஒரு நம்பிக்கையும் போயிற்றே என்று எனக்கு இன்றும் உறுத்துகிறது. மறுநாள் அவரே, படுக்கைப் புண்ணுக்கும் தசைப் பயிற்சிக்கும் மாதம் ஒரு முறை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொன்னார்.

விற்றது போக இருபத்திரண்டு ஆடுகள் மீதமிருக்கின்றன. இந்த மாதம் ஆறு குட்டிகள் பிறந்திருக்கின்றனவாம். சக்கர நாற்காலியில் வாசலில் அமர்ந்து, சித்தப்பாதான் அவற்றுக்குச் சாயம் பூசினாராம்.